வன்ஷானின் சொந்த வண்டி

ஜீனிங் நகரத்தில் கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் யாருக்காவது மின்சைக்கிள் பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் தூ வன்ஷானிடம்தான் போவார்கள். அவன் கடையை ஒட்டி என் பன் கடை. இருபது வருஷமாக அவன் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கே அந்த வேலை பாதி தெரியும்.

நான்கு பேட்டரி, ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட். ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு கோத்துக்கொண்டே போனால் நாற்பத்தெட்டு. மிஞ்சுகிற இரண்டு முனைகள் வண்டிக்குப் போகும். ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லி வருகிறவர்களை வன்ஷான் விரட்டியடிப்பான்.

"நாலு பேரு தூக்குற கட்டில்ல ஒருத்தன் கால் மடங்கினா கட்டிலே சாயும். நாலையும் மாத்து, இல்லன்னா வேற கடைக்குப் போ!"

எல்லாம் ஊருக்கு உபதேசம். அவன் மனைவி லியென்யிங்குக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி பாலம் தாண்டி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். அவளை ஏற்றிப்போகும் மூன்றுசக்கர வண்டியில் இருந்தவையோ, புதுசு மாற்றிக்கொண்டவர்கள் கழித்துவிட்டுப் போன பேட்டரிகள். அதில் நல்லதாக நாலைப் பொறுக்கி மாட்டியிருந்தான். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான்.

"உன் பெண்டாட்டி ஏறுற வண்டிடா. நாலு புதுசு போட்டா கை வெந்துடுமா?" என்று கேட்டேன்.

"மீட்டர் வச்சுப் பாத்தாச்சுக்கா. நாலும் பன்னண்டே முக்காலு காட்டுது."

லியென்யிங் சிரித்தாள். "என்னையே பழசாத்தானே வச்சிருக்காரு, பேட்டரி மட்டும் புதுசாக்கா?"

சும்மா நிற்கிற வண்டியில் மீட்டர் எல்லாமே நல்லது என்றுதான் காட்டும். பாரம் ஏறினால்தான் குட்டு வெளிப்படும். இதை எனக்குச் சொன்னவனும் அவன்தான்.

போன ஜனவரியில், பனி கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றது. குளிரில் ஒரு பேட்டரி படுத்துவிட்டது. ஒன்று படுத்தால் நான்கும் படுத்த மாதிரிதான். அந்தப் பனியில் வாடகைக் கார் எதுவும் வரவில்லை. அவன் இறங்கிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். கொஞ்ச தூரத்தில் பாரம் குறைந்த மாதிரி இருக்கவே திரும்பிப் பார்த்தான். மூன்று நாள் தண்ணீர் உடம்பில் தேங்கி மூச்சுக்குத் திணறுகிறவள், இறங்கிப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏறி உக்காருடி!" என்று கத்தினானாம்.

"எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க இழுங்க."

பாலத்தின் உச்சியில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. சாவு வீட்டில் அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் திரும்பி வந்தேன்.

அடுத்த செவ்வாய் காலையில், ஒரே பெட்டியிலிருந்து நான்கு புதுப் பேட்டரிகளை எடுத்தான். பழையவற்றைக் கழற்றி, ஒவ்வொரு முனையிலும் டேப் சுற்றி ஒதுக்கினான். புதியவற்றைக் கோத்து, பிளஸ் மைனஸ் இருமுறை பார்த்துத் திருகாணிகளை முடுக்கினான். பிறகு ஒரு சாக்கில் மணல் அள்ளித் தராசில் எடை பார்த்து, லியென்யிங் உட்காரும் இடத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினான். பாலம் ஏறி ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.

"எதுக்குடா மணலு?" என்றேன்.

"அம்பத்திரண்டு கிலோக்கா. அவ எடை."

வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏத்தத்துல ஒரு தடவகூட நிக்கலக்கா" என்றான்.