நாய்க்குப் போட்ட ஊசியும் பிள்ளைக்குப் போடாத ஊசியும்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் ஓயாமல் சத்தம் போடும் ஒரு தெருவில் நான் குழந்தைகள் காப்பகம் நடத்திக்கொண்டிருக்கிறேன். தறிக்கும் மில்லுக்கும் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள், ஷிப்ட் முடிந்து வந்து கூட்டிப்போவார்கள். சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது, ஒருவர் முடியை ஒருவர் பிடுங்காமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் என் வேலை. சேர்ப்பதற்கு நான் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. தடுப்பூசி அட்டையைக் காட்ட வேண்டும். அதில் மட்டும் இரக்கம் கிடையாது.

அப்படி ஆனதற்குக் காரணம் எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பெண். ரத்தப் புற்றுநோய்க்கு மதுரையில் வைத்தியம் பார்த்து, கடைசிக் கட்ட மாத்திரையில் இருந்தாள். அது முடிகிறவரை அவளுக்குச் சில ஊசிகள் போடக்கூடாது என்று அங்குள்ள டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அவளுக்கு அம்மை வந்தால் உடம்பு தாங்காது. அவளைச் சுற்றி இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஊசி போட்டிருந்தால்தான் அவளுக்குப் பாதுகாப்பு.

ஒரு நாள் காலையில் ஒரு மனிதர் மூன்று வயது மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். நல்ல உயரம், அதற்குத் தகுந்த மீசை. எங்கள் ஊர் நாய்களை வளர்த்து விற்கிறவர். வெளியூரிலிருந்து காரில் வந்து குட்டி கேட்பவர்களை வாசலிலேயே நிறுத்தி, “வீட்டுல எடம் எம்புட்டு இருக்கு? பகல்ல ஆள் இருக்குமா?” என்று குறுக்கு விசாரணை செய்து, பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு அனுப்பிவிடுவார் என்று பேச்சு. அவர் மனைவி மில்லில் சூப்பர்வைசர். விடியும்போதே கிளம்பிவிடுவார். பிள்ளை வளர்ப்பது இவர்தான்.

அட்டையைக் கேட்டேன். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சிறு புத்தகத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். நடுவில் பிரித்தேன். தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் வரிசையாக இருந்தன. ஓர் ஊசிகூட விட்டுப்போகவில்லை. இப்படியும் ஒரு தகப்பனா என்று மனசு குளிர்ந்துவிட்டது. பெயர் எழுதிக்கொள்வதற்காக முதல் பக்கத்தைத் திருப்பினேன். நிறம்: வெள்ளை. மூக்கு: இளஞ்சிவப்பு. தாய்: கண்காட்சியில் முதல் பரிசு.

“அண்ணே, இது...”

எட்டிப் பார்த்தார். “அடடா, இது நாயோடது டீச்சர். ரெண்டும் ஒரே பையில கிடந்துச்சு.”

மறுநாள் பிள்ளையின் அட்டை வந்தது. மூன்றரை மாத ஊசி வரைக்கும் போட்டிருந்தது. அதற்குப் பிறகு எல்லாக் கட்டங்களும் காலி.

“அந்த ஊசி போட்ட அன்னைக்குப் புள்ளைக்குக் காய்ச்சல் டீச்சர். ஒரே அழுகை. நானும்...” என்று நிறுத்தினார்.

“நீங்களும்?”

“பாத்துக்கிட்டு இருந்தேன்.”

பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்களுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்” என்றார். நான் உள்ளே பாயில் படுத்திருந்த அந்தச் சின்னப் பெண்ணைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கவனமாகக் கேட்டார். முகம் வாடிப்போனது. பிறகு மெதுவாக, “அந்தப் புள்ளைக்கு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காருல்ல, அது மாதிரி நானும் வாங்கிட்டு வந்தா?” என்றார்.

“டாக்டர் குடுத்தா வாங்கிட்டு வாங்க.”

எந்த டாக்டரும் கொடுக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொன்னேன். இரண்டு நாளில் வாங்கி வந்துவிட்டார். முத்திரையோடு இருந்தது. ‘இக்குழந்தையை நேரில் பார்த்தேன். சுறுசுறுப்பாக உள்ளது. கண்கள் தெளிவாக உள்ளன. நன்றாக இரை எடுக்கிறது.’ இரை எடுக்கிறது என்பதை அடித்துவிட்டு, உணவு உண்கிறது என்று மேலே திருத்தியிருந்தது. கடைசியில், ‘இதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை’ என்று ஒரு வரி.

“அண்ணே, இவரு மாட்டு டாக்டர்.”

“டாக்டர்னுதான சொன்னீங்க? என் நாய் அம்புட்டையும் அவருதான் பாக்காரு. கைராசிக்காரரு.”

சிரிப்பை அடக்குவதற்காக நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை. உண்மையிலேயே நம்பிக் கொண்டுவந்திருந்தார்.

அன்று மாலை அவர் மனைவி போன் செய்தார். “நீங்களாவது விடாதீங்க டீச்சர். புதன்கிழமைதான ஊசி போடுதாங்க? புதன்கிழமை ஆச்சுன்னா போதும், காலையிலேயே புள்ளையத் தூக்கிக்கிட்டு அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போயிருவாரு. அருவியில தண்ணி இல்லாத மாசத்துலயும் போவாரு. நான் லீவு போட்டு வந்து பாத்தா வீடு பூட்டிக் கிடக்கும்.”

நான் கதவைத் திறக்கவில்லை. அவரும் ஊசிக்குப் போகவில்லை. ஆனால் தினமும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். அந்தப் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே விளையாடுகிறவர்களோடு பேசும். அவர்களுக்குச் சுண்டல் கொடுக்கும் நேரத்தில் பேச்சு நின்றுவிடும். ஒரு நாள், “நான் எப்பப்பா உள்ள போவேன்?” என்று கேட்டுத் தேம்பி அழுதது. மீசை நடுங்கியது. எனக்கே தாங்கவில்லை.

“அண்ணே, வார புதன்கிழமை நானும் கூட வாரேன். காப்பகத்தை என் தங்கச்சி பாத்துக்கிடுவா.”

மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். “இந்த ஊருல வேண்டாம் டீச்சர். இங்க என்னையத் தெரியாத ஆளு கிடையாது. நான் அழுததப் பாத்தாங்கன்னா பொறவு நாய் விக்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருவோம்.”

புதன்கிழமை பஸ் ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும், “மடவார் வளாகம் போயி சாமி கும்பிட்டுட்டு வந்துருவோமா? நடை சாத்திருவாங்க” என்றார். ஊசி போட்டுவிட்டுப் போகலாம் என்றேன். ஒரு டீ சாப்பிடலாம் என்றார். அதையும் பிறகு சாப்பிடலாம் என்றேன். மகள் பஸ் ஏறியதிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டே வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற அறையில் கைக்குழந்தைகளோடு ஏகப்பட்ட அம்மாக்கள். எங்கள் முறை வந்தது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். எழுந்தே விட்டார்.

“அண்ணாச்சி! வாங்க வாங்க. என்னையத் தெரியுதா? மம்சாபுரம். உங்ககிட்ட குட்டி வாங்கினேன்லா?”

இவர் மகளின் முதுகுக்குப் பின்னால் மீசையை மறைக்கப் பார்த்தார். நர்ஸ் சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கிப் பிரித்தார். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“குட்டிக்கு ஒரு ஊசி ஒரே ஒரு வாரம் தள்ளிப்போச்சுன்னு போன்ல என்னைய என்னா வசவு வஞ்சீங்க! ஊசி போடத் துப்பில்லாதவளுக்கு நாய் எதுக்குன்னு கேட்டீங்க. வந்து குட்டியத் திருப்பித் தூக்கிட்டுப் போயிருவேன்னு சொன்னீங்க. இப்ப இந்தப் புள்ளைய நான் தூக்கிட்டுப் போகட்டா?”

அறையில் இருந்த அத்தனை அம்மாக்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அது வாயில்லாச் சீவன் சிஸ்டர்” என்றார் அவர். “இதுக்கு வாய் இருக்குல்லா. அப்பா, அப்பான்னு என்னையக் கூப்பிட்டு அழுவுது. அதான் என்னால முடியல.”

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா தன் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டாள். நர்ஸும் குரலை மாற்றிக்கொண்டார். “செத்த நேரந்தான் அண்ணாச்சி. மடியில வச்சு நல்லாப் பிடிச்சுக்கோங்க. விட்டுப்போனதுல அம்மை ஊசியோட சேத்து ரெண்டு இன்னைக்குப் போடுவோம். மிச்சத்துக்கு ஒரு மாசம் கழிச்சு வாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் ஊசி இறங்கியதும் பிள்ளை “அப்பா!” என்று வீறிட்டது. “என்னத்தா, என்னத்தா” என்று இவரும் சேர்ந்து அழுதார். இரண்டாவது ஊசிக்கும் அதே. ஆனால் பிள்ளை அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டது. அப்பா அழுது அது பார்த்ததில்லை போலிருக்கிறது. கவுன் நுனியால் மீசையைத் துடைத்துவிட்டது.

“முடிஞ்சிருச்சா?” என்றார் கண்ணைத் திறக்காமல்.

“முடிஞ்சு அடுத்த புள்ளைக்கும் போட்டாச்சு. எந்திரிங்க” என்றார் நர்ஸ்.

அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அதற்குள் அவருக்கு உயிர் வந்துவிட்டது. நர்ஸிடம் போய்க் குட்டியின் போட்டோவைக் காட்டச் சொல்லி, போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்து, “விலா எலும்பு தெரியுதே, சரியாத் தீனி வைக்கிறதில்லையா?” என்று ஆரம்பித்தார். நான் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை பிள்ளைக்கு உடம்பு சுட்டபோது அவரிடமிருந்து ஒரு போன் வந்தது. மருந்து கொடுத்தபோது ஒன்று, சூடு குறைந்தபோது ஒன்று. கடைசியாக அவர் மனைவி பேசினார். “புள்ள தூங்கிருச்சு டீச்சர். இவரையும் ஒரு மாத்திரையக் குடுத்துப் படுக்க வச்சிட்டேன்.”

மறுவாரம் பிள்ளை உள்ளே வந்தது. விட்டுவிட்டுப் போகும்போது, “மருந்து சாப்பிடுற அந்தப் புள்ளைக்குப் பக்கத்துல என் மகளப் படுக்க வைங்க” என்றார். அப்படியே செய்தேன். இரண்டும் ஒரே தலையணையில் தூங்கின. அடுத்த மாத ஊசிக்கு என்னைக் கூப்பிடவில்லை. ராஜபாளையத்திலேயே, எல்லோரும் பார்க்க, அவராகவே கூட்டிப்போனார்.

பிறகுதான் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. காலையில் கேட்டில் நின்றுகொண்டு வருகிறவர்களிடம் எல்லாம் அட்டை கேட்கத் தொடங்கிவிட்டார். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு பெண், “வாட்ச்மேன் போட்டிருக்கீங்களா டீச்சர்? மீசைக்காரரு ஒருத்தரு என்னைய உள்ளயே விட மாட்டேங்காரு” என்று கோபமாக வந்தாள். மகளை விட்டதும் போய்விட வேண்டும் என்று அவருக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

மகள் அப்படியொன்றும் சாது இல்லை. தன் டம்ளரைப் பிடுங்கிய ஒரு பையனின் கையில் ஒரு நாள் நன்றாகப் பல் பதியக் கடித்துவிட்டது. மாலையில் அவன் அம்மா வந்து தடத்தைப் பார்த்துக் கொதித்துப்போனாள்.

“யாரு புள்ள கடிச்சது? அந்த நாய்க்காரரு புள்ளையா? ஊசி போட்டிருக்கா டீச்சர்?”

“எல்லா ஊசியும் போட்டாச்சு, அட்டைய நானே பாத்துட்டேன்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் கேட்டது எந்த ஊசியை என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து அவள் சிரித்த சிரிப்பில், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.