அசையாத சரிவு

அலுவலகத்தில் அவருக்கு மங்கலார் என்று பேர். நேரலைப் படம் கொஞ்சம் திக்கினால் போதும், மனிதர் யோசிக்காமல் தரத்தைக் குறைத்துவிடுவார். "மங்கினா முணுமுணுப்பாங்க, நின்னா கிழிச்சிடுவாங்க" என்பார். பதினொரு வருஷம் கல்யாணமும் கால்பந்தும் ஒளிபரப்பி அவர் கண்டுபிடித்த ஞானம் இது. இதை வைத்துத்தான் பிழைத்தார், தங்கையைக் கட்டிக்கொடுத்தார்.

போன வருஷம் கல்குவாரியில் சரிவு இடிந்து இரண்டு பேர் செத்ததும், சரிவை வீட்டிலிருந்தே பார்க்கக் கேமரா வேண்டும் என்று தொழிலாளிகளின் குடும்பங்கள் ஒற்றைக்காலில் நின்றன. முதலாளி கையைக் கடிக்காத வழியாகப் பார்த்து மங்கலாரின் கம்பெனியைப் பிடித்தார். பெரிய சர்வர் எதுவும் கிடையாது. ஒருவர் போனுக்கு வந்த படத்துண்டை அந்தப் போனே அடுத்தவர் போனுக்குத் தள்ளிவிடும். நாலு பேர் பார்த்தால் ஜோராக ஓடும். ஊரே பார்த்தால் வாங்கிக்கொள்ளும் போன்கள் அதிகம், கொடுக்கும் போன்கள் கொஞ்சம். ஆக, ஊருக்குப் பயம் கூடக்கூடப் படம் திக்கும், மங்கலாக்கினால்தான் நிற்காமல் ஓடும். இந்தக் கூத்தை யாரும் யோசிக்கவில்லை, மங்கலாரும்தான்.

மூன்று நாள் மழை. அன்று காலை ஒரு கல் உருண்டதாகப் பேச்சு பரவியதும் வீட்டுக்கு வீடு போனைத் திறந்தார்கள். மங்கலார் வழக்கம்போல் தரத்தை நாலு படி இறக்கினார்.

ஒன்று ஐம்பதுக்குத் தங்கை கூப்பிட்டாள். அவள் புருஷன் குவாரி வாசலில் நிற்கிறாராம். சரிவு நன்றாக இருக்கிறது என்று இவள் சொன்னால்தான் இரண்டு மணி ஷிப்டுக்கு இறங்குவாராம்.

"மொழுமொழுன்னு நல்லாத்தானே இருக்கு, அண்ணா?"

மொழுமொழு என்றதும்தான் அவருக்கு உறைத்தது. அந்தத் தரத்தில் உருளும் கல் தெரியாது, வழியும் மண் தெரியாது, எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடும். தரத்தை ஏற்றுகிறேன், இரண்டு நிமிஷம் நன்றாகப் பார்த்துவிட்டு அப்புறம் சொல் என்று போனை வைத்தார். பதினொரு வருஷத்தில் முதல் முறையாக எல்லோருக்கும் உச்சத் தரத்தை ஏற்றிவிட்டார்.

கேமராவிலிருந்து நேராக வாங்கும் அவருடைய திரையில் சரிவு துல்லியமாக வந்தது. நடுவில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து மண் நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது.

தங்கைக்குப் போன் அடித்தார், வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். குவாரி ஆபீசில் எடுக்க ஆளில்லை. மாப்பிள்ளையின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கீழே இறங்குகிறவர்களின் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மறுபடி தங்கைக்கு அடித்தார். ஒருவழியாக எடுத்தாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"நீ சொன்ன மாதிரியே பார்த்தேன், அண்ணா. ரெண்டு நிமிஷம் கண்ணையே எடுக்கல. ஒரு பொட்டு மண்ணுகூட அசையல. இறங்கச் சொல்லிட்டேன்."

படத்தின் மூலையில் மணி என்ன காட்டுகிறது என்று கேட்டார்.

"ஒண்ணு அம்பத்திரண்டு."

அவர் மேசைக் கடிகாரத்தில் இரண்டாகி நாலு நிமிஷம் ஆகியிருந்தது.