கேட்காமல் அழித்த பாலிசி

போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தபோது, நான் சர்வருக்கு எழுதிய பாலிசி ஒரு பதிவை அழித்துவிட்டது. ஸ்டாக் பார்த்த ஜெயராணி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை என்று முதலாளியிடம் சொன்னேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அவருக்கு வேலை போனது. புதிதாக சர்வர் பார்க்க வருகிறவர்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் சர்வர் ரூம் அதற்கு முன் காய் தரம் பிரிக்கும் அறையாக இருந்தது. வெள்ளையடித்தும் வாசம் போகவில்லை. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் ஏலக்காய்த் தோல் உதிரும். கட்டிடத்திலேயே ஏசி உள்ள ஒரே அறை என்பதால் காய் பொறுக்கும் பெண்கள் மோர்த் தூக்கைக் கொண்டுவந்து யு.பி.எஸ். பக்கத்தில் வைப்பார்கள்.

"அங்கன வைக்காதீங்க ஆத்தா, கரண்டு பாயும்" என்பேன்.

"பாயட்டும் சார், மோரு இன்னும் சில்லுனு ஆகும்" என்பார்கள்.

மதியம் எனக்கும் ஒரு டம்ளர் வரும். சென்னையில் பெரிய கம்பெனிகளில் இருந்திருக்கிறேன். அந்த மோருக்கு ஈடாக அங்கே எதுவும் கிடைக்கவில்லை.

ஜெயராணி அனுமந்தன்பட்டிக்காரர். விவசாயிகள் சீசன் முடிந்ததும் காய்ந்த சரக்கை எங்கள் கிட்டங்கியில் போட்டுவிட்டு, விலை ஏறும்வரை காத்திருப்பார்கள். மூட்டையில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. யார் சரக்கு என்று தெரிந்தால், அவர் வீட்டில் கல்யாணமா, கடனா என்று பார்த்து வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். அதனால் மூட்டைக்கு எண் மட்டும். எந்த எண் யாருடையது என்பது சர்வரில் ஜெயராணி ஏற்றும் டேபிளில், அதாவது பட்டியலில், மட்டும்தான் இருக்கும். வெளியே கசியாமல் இருக்க, எண்ணை விவசாயியிடம்கூடச் சொல்வதில்லை.

அப்போது எனக்குப் பாலிசிப் பைத்தியம் பிடித்திருந்தது. பாலிசி என்பது சர்வருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் விதி. பேக்கப் எடுக்காத டேட்டாபேஸ் இருந்தால் எனக்கு மெயில் வரும். லேசான பாஸ்வேர்டு வைத்தால் சர்வர் ஏற்காது. தினமும் காலையில் நான் கையால் சரிபார்த்ததெல்லாம் தானாக நடந்தது. அந்த ருசியில் மேலும் இரண்டு எழுதினேன். அறுபது நாள் யாரும் தொடாத டேபிளைப் பாலிசி கண்டுபிடிக்கும். அதோடு நான் இணைத்த ஜாப், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை, அதை அழித்துவிடும். முப்பது நாளுக்கு முந்தைய பேக்கப் நகலை இன்னொரு ஜாப் அழித்துவிடும். டிஸ்க்கில் இடம் இல்லாமல் திண்டாடிய காலம் அது.

முதலாளி அறையில் இதை விளக்கியபோது ஜெயராணி கேட்டார்: "அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்குமா சார்?"

"கேட்டுக்கிட்டு நின்னா அதுக்குப் பேரு ஆட்டோமேஷனாம்மா?" என்றேன். முதலாளி சிரித்தார். ஜெயராணியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்த வருடம் விலை விழுந்து கிடந்தது. யாரும் விற்க வரவில்லை. மூட்டையை யாரும் தொடாததால் அந்த டேபிளையும் யாரும் தொடவில்லை. விலை வரட்டும் என்று பத்திரமாக வைத்திருந்ததைப் பாலிசி வேண்டாதது என்று எடுத்துக்கொண்டது, ஜாப் அழித்தது. விலை ஏறி ஆட்கள் வந்தபோது, அந்த டேபிள் இருந்த பேக்கப்புகளும் போயிருந்தன.

முதலில் ஜீப்பில் வந்து இறங்கியவர் கூடலூர் விவசாயி சுருளியப்பன். ஜெயராணியின் ஸ்கிரீனில் எரர் வந்தது. சுருளியப்பன் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"என்னய்யா இது? கிட்டங்கி நிறைய மூட்டை கெடக்கு, ஒண்ணுக்கும் ஆள் இல்லைங்குது உன் கம்ப்யூட்டரு!" என்று முதலாளி கத்தினார்.

நான் சர்வர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜாப் ஹிஸ்டரியைப் பார்த்தேன். என் ஜாப் பிசகில்லாமல் ஓடியிருந்தது. சக்சஸ் என்று பச்சை டிக் வேறு. வெளியே வந்தேன்.

"அவுக ஏத்துனதாவே தெரியல சார். சர்வர்ல அப்படி ஒரு டேபிளே இல்ல."

"ஏத்துனேன் சார். நீங்களே பாத்தீகளே" என்றார் ஜெயராணி. நான் முதலாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விவசாயிகளே மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்து, சண்டை போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். ஜெயராணியின் தாய்மாமாவும் கூடலூர்க்காரர். அவர் சரக்கும் அங்கே கிடந்தது. அவருக்கு நல்ல காய் போனது.

"மாமனுக்கு முத்துக் காயி, எங்களுக்குச் சொத்தையா? இதுக்குத்தான் ஏத்தாம விட்டாளாக்கும்!" என்றார் சுருளியப்பன். அந்தப் பேச்சு கூடலூர்வரை போய்ச் சேர்ந்தது. அந்த வாரமே ஜெயராணியை நிறுத்திவிட்டார்கள்.

அழிக்கும் ஜாப்பை நான் நீக்கினேன். தொடாத டேபிள்களின் பெயர் மட்டும் வாரம் ஒருமுறை எனக்கு மெயிலில் வரும்படி மாற்றினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த மெயில் வந்தது. படித்துவிட்டு மூடிவிடுவேன்.

ஓய்வுக்குப் பிறகு முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "இப்ப வந்து சொல்றியேய்யா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்து உத்தமபாளையத்தில் ஜெயராணி நடத்தும் இ-சேவை மையத்துக்குப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் சொன்னேன். அவர் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை.

"ஏத்துனது நான். அது எனக்குத் தெரியாதா சார்? எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? கூடலூருல போய்ச் சொல்லுங்க. எங்க மாமா சாகுற வரைக்கும் அந்தக் கடைத்தெருவுல தலயக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போனாக."

"நாளைக்கே போறேன்மா."

"நானும் வாரேன். தனியா விட்டா நீங்க பாதிய முழுங்கிருவீக."

மறுநாள் கூடலூரில், குமுளி ஜீப்புகள் நிற்கும் இடத்தில் உள்ள டீக்கடையில் சுருளியப்பன் இருந்தார். கூட நாலைந்து பேர். எல்லோர் முன்னாலும் சொன்னேன். பாதியில் நிறுத்தியபோது ஜெயராணி, "டேபிளே இல்லன்னு சொன்னதையும் சொல்லுங்க" என்றார். அதையும் சொன்னேன்.

சுருளியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன்யா, மிசினு செஞ்ச தப்ப ஒரு பொம்பளப்பிள்ள தலயிலயா கட்டுன?"

"மிசினு தப்புச் செய்யல. நான் சொன்னதத்தான் செஞ்சுச்சு."

அவர் ஜெயராணியிடம் திரும்பினார். "நான் பேசுனதும் தப்புத்தான் ஆத்தா. ஒரு டீ குடி."

"மாமா இருக்கயில சொல்லியிருந்தா குடிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். திரும்பும் பஸ்ஸில் அவர் முன் சீட்டில் இருந்தார், நான் கடைசியில்.

பாலிசி எழுதுங்கள், எழுதாமல் இன்றைக்கு எந்தச் சர்வரையும் பார்க்க முடியாது. அழிக்கும் இடத்தில் மட்டும் ஒரு மனிதரைக் கேட்கும்படி எழுதுங்கள். அது தவறும் நாளில், "நான் எழுதியது" என்று முதல் ஆளாகச் சொல்லுங்கள்.

வருடாவருடம் பென்ஷனுக்கான ஆயுள் சான்று எடுக்க ஜெயராணியின் மையத்துக்குத்தான் போகிறேன். விசாரிப்பு ஏதும் இருக்காது. கைரேகை வாங்கி, பிரிண்ட் எடுத்துத் தருவார். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிய என் ஆதார் ஸ்கேன் காப்பியின் மேல் மவுஸை வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்பார்:

"அழிக்கட்டுமா சார்?"

"அழிச்சுருங்கம்மா" என்று நான் வாய் திறந்து சொல்லும்வரை அவர் அழுத்துவதில்லை.