பம்பரம் மாமாவின் கட்டைவிரல்

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் என்று சொல்வார்களே, அது என் அக்கா கணவர்தான். சாப்பாட்டைக்கூடப் பாதி நின்றுகொண்டே முடிப்பார். கட்டட வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் பம்பரம். டவர் கிரேன் ஓட்டுகிறவர். தினமும் இருநூற்றுப் பத்து ஏணிப்படி ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குப் போவார். அந்த மனிதர் அடங்கி உட்காரும் ஒரே இடம் அதுதான். கீழே வாக்கிடாக்கியை வைத்துக்கொண்டு தூக்கு, இறக்கு என்று கத்துவது என் வேலை.

அப்படிப்பட்டவருக்கு வலது கால் கட்டைவிரலில் கௌட் என்கிற மூட்டுவீக்கம் வந்தது. போர்வை உரசினாலே அலறினார். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஒன்பதரை. அந்த வலி அடங்கிய பிறகு டாக்டரம்மா இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று அமிலத்தைக் குறைக்க, தினமும். இன்னொன்று ஆரம்ப மாதங்களில் வலி திரும்பாமல் காவலுக்கு. வலியே இல்லாதபோது காவல் எதற்கு என்று மாமா இரண்டாவதைத் தொடவே இல்லை.

பதினைந்தாம் நாள் விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு பாகத்தை மாட்டிய பிறகு சத்தம் வந்தால், மாட்டியதை உடனே கழற்று. மாமா அமில மாத்திரையைக் கழற்றிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. வீக்கம் வடிந்ததும் பயத்தில் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி வீங்கியது.

"இந்த மாத்திரைதான் மாப்ள எமன்" என்றார் என்னிடம்.

"ஆமா மாமா, விட்டுத் தொலைங்க" என்றேன். நானும் அதே தொழில்தானே, புத்தி எங்கே போகும்?

அக்காதான் அவரது ஹெல்மெட்டுக்குள் பிரிக்காத காவல் மாத்திரை அட்டைகளைக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு வீடு ரெண்டுபட்டது. நொண்டியவரை அப்படியே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த வியாழக்கிழமை கம்பெனியில் உடல்தகுதிச் சோதனை. ஏணி முழுவதையும் நிற்காமல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கூண்டு இன்னொருவருக்கு.

"வருஷக்கணக்கா மூட்டுல படிஞ்ச உப்பு இப்பதான் கரையுது. கரையும்போது வலிக்கும். அதுக்குத்தான் அந்தக் காவல் மாத்திரை. நீங்க நிறுத்தி நிறுத்தி ஆரம்பிச்சா ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்துதான்" என்றார் டாக்டரம்மா. வலிக்குத் தனியாக மருந்து கொடுத்தார். "அந்த ரெண்டு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. இந்தக் காலோட ஏறவும் கூடாது."

"வியாழக்கிழமை மட்டும் ஏறிக்கிறேனே டாக்டர்."

"பாதி ஏணில கால் விட்டுட்டா?"

மூன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. நொண்டிக்கொண்டே கூடத்தை அளந்தார். என்னைத் திட்டினார், அக்காவைத் திட்டினார், தன் விரலைத் திட்டினார். மாத்திரையை மட்டும் விடவில்லை.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் ஏணியடியில் காத்திருந்தார். மாமா இரண்டு படி ஏறினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஏறிவிடுவாரோ என்று பயந்துபோனேன். இறங்கிவிட்டார்.

"முடியாது சார். எழுதிக்கோங்க."

கூண்டு வேறு ஆளுக்குப் போனது. மாமாவை ஸ்டோர் ரூமில் போட்டார்கள். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து போல்ட்டுகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை லேசாக வலித்தது, மாத்திரை நிற்கவில்லை. ஆறாவது மாதம் அமிலம் ஐந்தரைக்கு இறங்கியது. வலி போன இடம் தெரியவில்லை. வேலையிடத்தை ஓடி ஓடிச் சுற்றினார். கூண்டு மட்டும் திரும்பி வரவில்லை. ஒழுங்காக ஓட்டுகிறவனை எதற்கு இறக்க வேண்டும் என்று கம்பெனி கேட்டுவிட்டது.

நேற்று மதியம் வந்து என் பக்கத்தில் நின்றார். மேலே கம்பிக் கட்டு ஆடாமல் அசையாமல் திரும்பி, நான் சொன்ன இடத்தில் பூப்போல இறங்கியது. மாமா கண்ணை எடுக்கவே இல்லை.

"நல்லாத்தான் ஓட்டறான், பாவி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாக்கிடாக்கியில் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. மாமாதான் அதை என் கையிலிருந்து வாங்கி, "தூக்கு" என்றார்.