ஆற்று மணலில் நிறுத்திய வண்டி

தென்னேரியிலிருந்து காஞ்சிபுரம் வரும் காலைப் பஸ்ஸில்தான் அந்தச் செய்தி எனக்கு வந்தது. வாலாஜாபாத்தில் இறங்கி யாரிடமோ பேசிவிட்டு வந்த கண்டக்டர், டிக்கெட் கிழிக்காமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சம்மந்தண்ணே, உங்க ஆஸ்பத்திரி டிரைவரு அந்தோணி பூட்டாராம்பா. விடிகாலைல மார் வலிக்குதுன்னாராம். தண்ணி எடுத்துக்கினு வர்றதுக்குள்ள முடிஞ்சிட்டுது."

எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது. எட்டு வருடமாக நாங்கள் இரண்டு பேர் அறிந்திருந்த ஒன்றை இனி நான் ஒருவன்தான் அறிவேன் என்ற பயம். ஐயம்பேட்டையில் அவர் தம்பி வீட்டு வாசலில் கூடிய உங்கள் நடுவே அன்று நான் தலை குனிந்து நின்றதைத் துக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அதில் வெட்கமும் இருந்தது.

அந்தோணி அண்ணனை உங்களில் பலர் ஆஸ்பத்திரி வண்டியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் பார்த்திருப்பீர்கள். நான் அதே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவர் மாகறல் பக்கத்துச் சேரியில் பிறந்தவர்; நான் நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பிள்ளை. எங்கள் சிநேகிதம் என் ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை. நோயாளியைப் பின்னால் ஏற்றியதும் அவர் சொல்வது ஒரே வார்த்தைதான்: "கண்ண மூடிக்கினு படுத்துக்கோமா. மேடு பள்ளம் எனக்குத் தெரியும்." அதைக் கேட்டதும் முனகல் பாதி அடங்கிவிடும்.

அவர் மனைவி மேரி அண்ணி வீட்டிலேயே பட்டு இழை சுற்றுகிற வேலை செய்து வந்தார். ஒரு விஷக் காய்ச்சலுக்குப் பிறகு அவருடைய இரண்டு முழங்கால்களும் இறுகிவிட்டன. ஊசி, மாத்திரை, எண்ணெய் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் வயிற்றுவலி என்று மருந்து வாங்க வந்த ஒரு ஜரிகை வியாபாரி, ராஜஸ்தானத்தில் தன் ஊர்ப் பக்கம் பாலைவனத்து ஓரமாக வெந்நீர் ஊற்று இருக்கிறது, முடங்கின கால்கள் அங்கே நீண்டிருக்கின்றன என்று சொன்னார். நான்தான் அதை அண்ணனிடம் சொன்னேன்.

ரயிலில் அண்ணியால் உட்கார முடியாது. எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய வேன் அப்போது ஏலத்துக்கு வந்தது. அண்ணன் அதை எடுத்து, உள்ளே படுக்க இரண்டு பலகை, ஒரு ஸ்டவ், தண்ணீர் டிரம், பழைய சேலையில் திரை எல்லாம் வைத்து ஒரு வீடாகவே ஆக்கினார். பிணங்களையும் சுமந்த வண்டி அது. அண்ணியின் தம்பி சேவியர் நேரே வந்து கேட்டார்: "மாமா, அக்காவ பொணவண்டியிலயா ஏத்திக்கினு போற?"

"உசுரோட ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கதான்டா இதுல நெறையப் பேரு" என்றார் அண்ணன்.

ஓர் ஆவணியில் மூன்று பேரும் கிளம்பினோம். எனக்குக் கொஞ்சம் இந்தி தெரியும் என்பதால் என்னை அழைத்தார். பத்து நாள் ஓட்டம். வழியில் மரம் குறைந்துகொண்டே போனது. கடைசியில் மண் வெளுத்து, குன்றுகள் எலும்பு போல நின்றன.

அந்த ஊரில் பேரீச்ச மரங்களுக்கு நடுவே கல் கட்டிய இரண்டு வெந்நீர்க் குளங்கள். தீக்குச்சி கிழித்தாற்போன்ற ஒரு வாசனை எப்போதும் இருந்தது. குளத்தை ஒட்டி ஓர் ஆறு. தண்ணீர் இல்லை, வெறும் மணல். இரண்டு வருடமாக மழையே இல்லை என்றார்கள். மேலே கரை முழுக்கக் கூரான கற்கள். மணலில் நிழல் இருந்தது, அண்ணியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நாற்பது அடிதான் நடக்க வேண்டும். அங்கேயே வண்டியை நிறுத்தினோம்.

மூன்றாம் நாள் பக்கத்திலிருந்த சரணாலயக் காட்டுக்கு வேனிலேயே போனோம். மான் கூட்டம் பார்க்கலாம் என்று அண்ணிக்கு ஆசை. இடிந்த கோட்டை, வறண்ட குட்டை, வெறிச்சோடிய காடு. மதியம் வரை சுற்றியும் ஒரு மானையும் காணவில்லை. திரும்பும்போது காவலாளியிடம் கேட்டேன். மூன்று நாளாக எல்லாம் மேட்டுக்கு ஏறிவிட்டன, ஏனென்று தெரியவில்லை என்றான். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அண்ணன் வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலை குளத்திலிருந்து திரும்பும்போது அவர் ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கும் மேலே, கிளைகளின் இடுக்கில், காய்ந்த புல்லும் சருகும் கற்றை கற்றையாகச் சிக்கியிருந்தன.

"சம்மந்தம், இத யாருபா அங்க கொண்டு வெச்சது?"

"காத்துல வந்திருக்கும்ணே."

"காத்து இப்படி வாரி வெக்காதுபா. தண்ணி வெச்சது. வண்டிய மேல ஏத்திடலாம், வா."

காட்டிலிருந்து திரும்பி வந்து நிறுத்தியதில் வண்டியின் சக்கரங்கள் மறுபடியும் மணலில் புதைந்திருந்தன. கல்லையும் கட்டையையும் கொடுத்து, பின்னால் இருந்து தள்ள வேண்டும். முந்தின நாள் காட்டுக்குக் கிளம்பத் தள்ளியதிலேயே எனக்கு இடுப்பு வலி. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"மேல கல்லுல அண்ணிய எப்படி எறக்குவ? நாளைக்குக் காலைல தள்ளலாம்ணே. ஒரு நாள்ல என்ன ஆயிடப்போவுது?" என்றேன்.

அவர் மறுபடியும் அந்தக் கிளையைப் பார்த்தார். "நாளைக்குன்றியா?" என்றார். "சரிபா."

எனக்கு அலுப்பாக இருந்தது. வேறு காரணமே இல்லை.

அன்று பிற்பகல், சரணாலயத்தின் இன்னொரு பகுதிக்குள் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. லைசென்ஸோடு டிரைவரும் வர வேண்டும் என்றதால் இரண்டு பேரும் நடந்து போனோம். அண்ணி குளித்துவிட்டுப் படுத்திருந்தார். "கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுட்டுப் போங்க. கொரங்கு வந்து அரிசியெல்லாம் எறைக்குது" என்றார். ஆஸ்பத்திரி வண்டி என்பதால் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியில் மட்டும்தான். அண்ணன்தான் போட்டார்.

வன இலாகா அலுவலகத்தில் குமாஸ்தா காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் திடீரென்று தலையைத் தூக்கினார்.

"சத்தம் கேக்குதா?"

"லாரி வருதுண்ணே."

"இந்த ஊர்ல லாரி ஏதுபா?"

சொல்லிக்கொண்டே ஓடினார். நான் பின்னால் ஓடினேன். எங்கோ குன்றுகளுக்கு அப்பால் பெய்த மழை அது. எங்கள் தலைக்கு மேல் அப்போதும் வெயில். கரைக்கு வந்தபோது மணல் தெரியவில்லை. செம்பழுப்பு நிறத்தில் நுரையும் முள்ளுமாக ஆறு போய்க்கொண்டிருந்தது. வேன், யாரோ நிதானமாகப் பின்னுக்கு எடுப்பது போல மெல்லத் திரும்பியது. பின்கண்ணாடியில் அண்ணியின் உள்ளங்கை தெரிந்தது.

அண்ணன் குதித்தார். தண்ணீர் அவரைப் புரட்டிக் கீழே கொண்டுபோனது. ஊர்க்காரர்கள் தலைப்பாகைகளை முடிந்து வீசி அவரை இழுத்துப் போட்டார்கள். நான் கரையில் நின்றேன், குதிக்கவில்லை.

மறுநாள் காட்டின் ஓரத்தில், வண்டி ஒருக்களித்துக் கிடந்தது. தாழ்ப்பாளை அண்ணனே திறந்தார். அண்ணியை ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. அங்கேயே ஒரு மேட்டில் அடக்கம் செய்தோம். குழி வெட்டிய ஊர்க்காரர்களுக்கு எங்கள் ஜெபம் தெரியாது, எனக்கும் தெரியாது. அண்ணன் ஒருவரே சொல்லி முடித்தார்.

ரயிலில் திரும்பி வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் சேவியர் காத்திருந்தார். சுற்றிலும் கூட்டம். "யாரு அங்க நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார். நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் சொன்னார்: "நான்தான்டா. மேல ஏத்திடலாம்னு இவன் சொன்னான். நான்தான் நாளைக்குப் பாத்துக்கலாம்னேன்."

யாரும் சந்தேகப்படவில்லை. சேரியில் பிறந்த ஒருவர் தன் மேல் போட்டுக்கொள்ளும் பழியை நம்ம ஊர் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறது! அன்று மாலை அவரைத் தனியாகப் பிடித்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது. நீ குடுக்குற மருந்த ஜனங்க நம்பி வாங்கணும். எங்கிட்டயிருந்து எடுத்துக்கினு போவ இன்னும் என்னபா இருக்குது?"

நான் மறுக்கவில்லை. அப்போதும் ஒரு நாள் தள்ளிப் போட்டேன். பிறகு எட்டு வருடம் போய்விட்டது.

அந்த வருடங்களில் அவர் ஆஸ்பத்திரியின் புது வண்டியை ஓட்டினார். ஒரு ஐப்பசியில், பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வரும்போது தரைப்பாலத்தின் மேல் முழங்காலளவு தண்ணீர். உடன் வந்த நானும் அவள் புருஷனும் போகலாம் என்றோம். அவர் இன்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் என்ன வேணா திட்டுங்க" என்று சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து பிடித்தபடி மழையில் நின்றார். குழந்தை வண்டியிலேயே பிறந்தது. தண்ணீர் வடிந்தபோது பாலத்தின் நடுப்பாதி இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சேவியர், அண்ணனை அடக்கம் செய்த அன்று கல்லறையில் நீங்கள் மண் போடாமல் தள்ளியே நின்றீர்கள். உங்கள் அக்காவை அந்த மணலில் வைத்தது உங்கள் மாமா இல்லை. அவர் மரத்தைப் பார்த்தார், ஆபத்தைப் புரிந்துகொண்டார், வண்டியை ஏற்றக் கூப்பிட்டார். தடுத்தவன் நான். நீங்கள் போடாத அந்தப் பிடி மண்ணைப் போய்ப் போட்டுவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு என்னிடம் வாருங்கள். என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

அவர் எனக்காகச் சொன்ன பொய்யை இத்துடன் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருடையதாக நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். தினமும் காலையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்து, "சாப்டியாபா?" என்று கேட்பார். அந்தப் பயணத்துக்கு முன்பும் கேட்டார், அதன் பிறகு எட்டு வருடமும் கேட்டார். அந்தக் குரலில் நான் எவ்வளவோ தேடிப் பார்த்தும் ஒரு நாளும் ஒரு சுணக்கம்கூட இருந்ததில்லை.