பன்னிரண்டு அடி மூங்கில்

மூங்கில் கழியின் முன்முனை என் மச்சானின் தோளில் இருந்தது, பின்முனை என் தோளில். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு நாற்பது மைலுக்கு மேல் நடக்கப் போகிறோம் என்பதை நான் முழுதாக நம்பாமல்தான் முதல் மைலைக் கடந்தேன். சற்று முன்புதான் பஸ் கண்டக்டர் கழியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூரைமேல் போட்டால் புளியங்கிளையில் மாட்டும், உள்ளே வைத்தால் ஆள் உட்கார முடியாது என்று கையை விரித்திருந்தார். அது யுத்த காலம். கரி வாயுவில் ஓடிய அந்த ஒரு பஸ்ஸிலும் நிற்க இடமில்லை. மொரப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தையும் யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மொரப்பூரிலிருந்து போகும் பெரிய ரயிலில் கழியை ஏற்ற மாட்டார்கள் என்று எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் முன்பே விசாரித்துச் சொல்லியிருந்தார். மற்ற மாணவர்களை அவர் ரயிலில் கூட்டிப் போவதாக ஏற்பாடு. ஜில்லா விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. மச்சான் யாரிடமும் வாதாடவில்லை. கழியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வர்றியா மாப்ளே?" என்று மட்டும் கேட்டான்.

மச்சான் என் தாய்மாமன் மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். பென்னாகரத்துக்கு மேற்கே காட்டை ஒட்டி அவர்கள் நிலம். இருவரும் தருமபுரியில் ஒரே அறையில் தங்கிப் படித்தோம். பள்ளியில் கழி ஊன்றித் தாண்டுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் முதலாவது, நான் இரண்டாவது. அந்த 'இரண்டாவது' எனக்குள் ஒரு முள்ளாகவே இருந்தது என்பதை இந்த வயதிலாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

முந்தைய வருடப் போட்டிக்கு அவன் வெறுங்கையோடு போயிருந்தான். அங்கே கொடுத்த கழி தடிமனானது, கனமானது. மச்சான் ஒல்லியான உடம்புக்காரன். தொடக்க உயரத்திலேயே மூன்று முறையும் குறுக்குக் கம்பைத் தட்டிவிட்டான். மூன்றாம் முறை கழியோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்து மணலுக்கு வெளியே விழுந்தபோது, கூட்டம் சிரித்தது. ஊர் திரும்பிய அடுத்த வாரமே அவன் ஒகேனக்கல் சாலைக் காட்டுக்குள் போய், நாள் முழுக்கத் தேடி, கணுக்கள் நெருங்கிய மூங்கில் ஒன்றை வெட்டி வந்தான். நெருப்பில் வாட்டி வளைவை நிமிர்த்தினான். கூரை விட்டத்தில் கட்டி மாதக்கணக்கில் உலர்த்தினான், வாரம் ஒருமுறை விளக்கெண்ணெய் தேய்த்தான். கடலைக்காய் பிடுங்கும் நேரத்தில் பிள்ளை இப்படித் திரிகிறானே என்று மாமாவுக்கு ஆத்திரம். "கம்ப ஊணித் தாண்டி எந்தக் காட்ட உழுவப் போற?" என்பார். மச்சான் கடலைக்காயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இருட்டுவதற்குள் நூறு முறை ஓடி ஓடிக் கழியை ஊன்றிப் பார்ப்பான். நூறு என்று நான் சும்மா சொல்லவில்லை. எண்ணுவதற்காகக் கூழாங்கற்களைக் குவித்து வைத்திருப்பான்.

தொப்பூர் போய்ச் சேர்வதற்குள் என் குதிகாலில் கொப்புளம் கண்டுவிட்டது. தோளில் துண்டை மடித்துப் போட்டும் கழி அறுத்தது. மறுநாள் கணவாயில் இறங்கும்போது, முன்னால் போகிறவனுக்கும் பின்னால் வருகிறவனுக்கும் அடி ஒத்துப் போகாமல் கழி எங்களை மாற்றி மாற்றி இழுத்தது. ஓரிடத்தில் நான் நின்றுவிட்டேன். கழியை யார் வீட்டிலாவது வைத்துவிட்டுப் போகலாம், அங்கேதான் கழி தருகிறார்களே என்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"போன வருசம் அவுங்க கழியில வுழுந்தேன். இந்த வருசம் வுழுந்தாலும் என் கழியிலயே வுழுறேன். உன்னால முடியலன்னா சொல்லு, நான் ஒண்டியாத் தூக்கிக்கிறேன்."

கோபமில்லாமல்தான் சொன்னான். நான் நடந்தேன். சாயங்காலம் ஓமலூர் தாண்டும்போது, பருத்தி ஏற்றிப் போன ஒரு வண்டிக்காரர் மனமிரங்கிக் கழியை வாங்கி மூட்டைகளின் மேல் போட்டுக்கொண்டார். மிச்ச தூரத்தை வண்டிக்குப் பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தது எனக்குப் பறப்பதுபோல இருந்தது.

மறுநாள் போட்டி. குறுக்குக் கம்பு உயர உயர, போட்டியாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். நாங்கள் இருவரும் ஒரே கழியை மாற்றி மாற்றி வாங்கித் தாண்டினோம். ஒன்பது அடி. மச்சான் முதல் முயற்சியிலேயே தாண்டிவிட்டான். நான் இரண்டு முறை தட்டினேன். மூன்றாம் முறை கழியை என் கையில் கொடுக்கும்போது அவன் சொன்னது ஒரே வாக்கியம். "கைய ஏத்திப் புடிக்காத மாப்ளே, குழியப் பார்த்து ஊணு."

நான் கையை ஏற்றித்தான் பிடித்தேன். அவன் பிடிக்கும் இடத்துக்கும் ஒரு சாண் மேலே. ஒரே ஒரு முறையாவது அவனைவிட உயரமாகப் போக வேண்டும் என்ற வெறி. ஓடினேன். கழியின் முனை குழியில் சரியாக இறங்காமல் விளிம்பில் மோதித் திரும்பியது. என் எடை முழுவதும் அதன்மேல் ஏறியபோது, சடக்கென்று ஒரு சத்தம். எழுந்து பார்க்கையில் கழியின் அடிப்பாகம் ஒரு முழத்துக்கு வாய் பிளந்து கிடந்தது.

டிரில் மாஸ்டர் ஓடி வந்தார். என்ன ஆனது என்று கேட்டார். நான் கால்சட்டை மணலைத் தட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். மச்சான்தான் பேசினான். "மூங்கி சரியா வெளையலிங்க சார். நான் பார்த்து வெட்டியிருக்கணும்." கழியின் அருகே உட்கார்ந்து பிளவைத் தடவியபடியே இதைச் சொன்னான். அவர் நகர்ந்ததும் என் முழங்காலைப் பார்த்தான். சிராய்த்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. "உனக்கு ஒண்ணும் ஒடையல இல்ல?" என்றான். அவன் என்னை ஓங்கி அறைந்திருந்தால் எனக்கு அத்தனை வலித்திருக்காது.

மிஞ்சியவர்கள் இரண்டே பேர். மற்றவன் சேலத்துப் பையன், உயரமானவன், நல்லவனும்கூட. தானாகவே தன் கழியை நீட்டினான். குறுக்குக் கம்பு ஒன்பதரை அடிக்கு ஏறியிருந்தது. மச்சான் அந்தக் கழியோடு ஓடினான். கனம் தாங்காமல் பாதியிலேயே இறங்கிவிட்டான். போன வருடம் கேட்ட அதே சிரிப்பு கூட்டத்தின் ஒரு மூலையில் எழுந்தது. அவன் கழியைத் துடைத்து, கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பிறகு கம்பு நாட்டியிருந்த ஆசாரியிடம் போய் ரம்பம் கேட்டான்.

பிளவுக்கு மேலே உள்ள கணுவை விரலால் தடவிப் பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே அறுத்தான். நான் கழியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அறுத்த முனையில் நனைத்த சணலை இறுக்கிச் சுற்றினான். பன்னிரண்டு அடிக் கழி இப்போது பத்து அடி இருக்கும். இனி அவன் கை பிடிக்க வேண்டிய இடம் கழியின் உச்சி. அங்கே மூங்கில் மெலிந்திருந்தது. பிடி ஒரு விரற்கடை நழுவினாலும் கையில் பிடிப்பதற்கு ஒன்றுமிருக்காது. டிரில் மாஸ்டர் வேண்டாம் என்றார், இரண்டாம் பரிசே பெரிது என்றார். "இன்னும் ரெண்டு தடவ இருக்குதுங்க சார்" என்றான் மச்சான்.

அறுத்த கழியோடு முதல் தடவை மேலே போய்விட்டான். மார்பு பட்டுக் கம்பு விழுந்தது. அதற்குள் சேலத்துப் பையனும் மூன்று முறையும் தட்டி முடித்திருந்தான். மச்சானுக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அவன் தன் ஓட்டத்தின் தொடக்கத்தில் வைத்திருந்த அடையாளக் கல்லை இரண்டு அடி பின்னுக்குத் தள்ளி வைத்தான். உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்தான். ஓடினான். முனை குழியில் இறங்கியது. மெலிந்த மூங்கில் வளைந்தபோது நான் கண்ணை மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. கால்கள் மேலே போயின. இடுப்பு போனது. கழியைப் பின்னுக்குத் தள்ளிக் கைகளை வானத்துக்கு வீசினான். கம்பு அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது. அவன் மணலில் மல்லாந்து கிடந்து அதையே பார்த்தான். அது நின்றது.

மைதானம் எழுந்து கத்தியதை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. சிரித்த மூலையும் சேர்ந்துதான் கத்தியது. சேலத்துப் பையன் ஓடி வந்து அவனை மணலிலிருந்து தூக்கினான். டிரில் மாஸ்டர் தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்று தொலைக்காட்சியில் இந்த விளையாட்டைப் பார்க்கிறேன். கழி வில்லாக வளைகிறது. மூன்று ஆள் உயரத்தையும் தாண்டிப் போய் மெத்தையில் விழுகிறார்கள். எங்கள் ஒன்பதரை அடியை அவர்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே தாண்டியிருப்பார்கள். ஆனாலும் வீரன் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குத் தோன்றுவது அவன் தாண்டிய கணமல்ல. வாய் பிளந்த கழியின் அருகே உட்கார்ந்து என் முழங்காலைப் பார்த்தானே, அந்த முகம்தான். எல்லாம் போய்விட்டது என்று எவரும் நினைக்கக்கூடிய அந்த நேரத்தில், அவனுக்கு அடுத்தவனைப் பற்றிக் கேட்க மனம் இருந்தது.

ஊர் திரும்பியதும் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அவனை மேடையில் நிறுத்திப் பாராட்டினார். கழி பிளந்த கதையை டிரில் மாஸ்டர் சொல்லியிருப்பார் போலும். முற்றாத மூங்கிலை வெட்டியது பையனின் தவறுதான், ஆனாலும் அந்தத் தவற்றையே வென்றுவிட்டான், அடுத்த வருடம் பள்ளியே நல்ல கழி வாங்கித் தரும் என்றார். மச்சான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். வரிசையில் நின்ற என் கால்கள் தாமாகவே ஓரடி முன்னால் வந்தன.

"சார், மூங்கி மேல தப்பில்லிங்க. நல்லா முத்துன மூங்கி. மச்சான் வேணாம்னு சொல்லியும் நான் ஏத்திப் புடிச்சி, தப்பா ஊணி ஒடச்சிட்டேங்க."

பள்ளிக்கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அப்போது மேடையிலிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. மச்சான் தனியாக நின்று, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தான். பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.