தூரமோ?

எங்கள் வீட்டில் ஒருவர் வெளிக்கிட்டு வாசலில் நிற்கும்போது "எங்கை போறாய்?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. நான் பிறந்த யாழ்ப்பாணத்து வீட்டில் அப்படித்தான், இந்த டெனிஷ் ஊரான இக்காஸ்டில் வந்து குடியேறிய பிறகும் அப்படித்தான். கேட்காமல் இருக்க முடியாதென்றால் "தூரமோ?" என்று கேட்கலாம். கேட்டமாதிரியும் ஆச்சு, சகுனமும் கெடவில்லை. என் மனிசன் எத்தனையோ வருஷமாக ஒரே தொழிற்சாலைக்குத்தான் வேலைக்குப் போகிறார். அது தூரமா கிட்டவா என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டும் கேட்பேன். அவரும் "இல்லை, உதிலைதான்" என்று பக்கத்தில் போகிறமாதிரிச் சொல்லிவிட்டுப் போவார்.

மகளும் இந்தக் கேள்விக்குள்தான் வளர்ந்தாள். மூன்று வயதில் தகப்பன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலர் பள்ளியில் விடப் போவார். எனக்கு வயோதிபர் இல்லத்தில் பின்னேர வேலை என்பதால் நான் வீட்டில் நிற்பேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்கிறவளிடம் "தூரமோ?" என்பேன். அவள் தலையைச் சரித்து என்னைப் பார்த்து, "நாய், இக்க இ டே" என்பாள். டெனிஷில் "இல்லை" என்பதை நாய் என்றுதான் சொல்லுவார்கள். வந்த புதிதில் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் என்னைப் பார்த்து எல்லாரும் நாய் நாய் என்கிறார்களே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது வேறு கதை. மகள் சொன்னது, "இல்லை, இண்டைக்கு இல்லை" என்று. இன்றைக்குத் தூரமில்லையாம். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தானே. பிறகு பெரிய பள்ளிக்கூடம், அதன்பிறகு கிம்னாசியம் என்கிற உயர்தரப் பள்ளி, எல்லாவற்றுக்கும் அதே கேள்வி, அதே பதில். நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் சொல்லுவாள். எங்கள் வீட்டில் எல்லாக் கதையும் அப்படித்தான் ஓடும்.

கிம்னாசியம் முடித்து, சோதனை பாஸானவர்கள் போடுகிற வெள்ளைத் தொப்பியோடு படமெடுத்த சூடு ஆறமுதல், ஒரு வருஷத்துக்குப் படிக்கப்போவதில்லை என்றாள். சரி, இங்கத்தைய பிள்ளைகள் செய்கிறதுதான். குளிர்காலம் முழுக்க ஹேர்னிங்கில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினாள். வெயில் எட்டிப்பார்க்கத் தொடங்கியதும் தன்னைவிடப் பெரிய முதுகுப்பை ஒன்றை வாங்கிவந்து நடு ஹோலில் வைத்தாள். ஐரோப்பா முழுக்க ரயிலில் போகப்போகிறாளாம். தனியாக. எந்த ஊர், எங்கே படுப்பது, எப்போது திரும்புவது, ஒன்றும் கிடையாது. எங்கே இறங்க மனம் வருகிறதோ அங்கே இறங்குவாளாம்.

"விசரே உனக்கு?" என்று கேட்டேன். சனம் என்ன கதைக்கும் என்றும் கேட்டேன். எந்தச் சனம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். கோயிலில் காண்கிற சனம் என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் கோயிலுக்கு வந்து எத்தனை காலம் என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். அதன்பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், நான் அவளோடு கதைக்கவில்லை. சோறு போட்டேன், உடுப்புத் தோய்த்துக் கொடுத்தேன், கதைக்கவில்லை. என் மனிசன் இங்கே ஒன்றும் அங்கே ஒன்றும் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், இரண்டு பேரும் ஒரே அச்சு என்றுவிட்டு டிவியைப் போட்டார்.

சனம் ஒரு சாட்டு. உண்மை வேறு. நானும் ஒரு பையோடு ஐரோப்பாவைக் கடந்து வந்தவள்தான். கிட்டத்தட்ட அவளுடைய வயதில், காசு வாங்கிக்கொண்டு களவாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன் கூட்டிவந்தான். "வழி மாறுது" என்று அவன் சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடிப்பேன். பெயர் தெரியாத ஊர்களில் திரை மூடின அறைகளில் கிடந்தோம். ஜேர்மனியிலிருந்து இந்த நாட்டு எல்லையைத் தாண்டியது ஒரு வான் வண்டியின் பின்பக்கத்தில், போர்வைக்குக் கீழே, பக்கத்தில் இருந்தவரின் இருமலை எண்ணிப் பயந்தபடி. எத்தனையோ நாட்டுக்குள்ளால் வந்தேன், ஒரு நாட்டைக்கூடப் பார்க்கவில்லை. வழி மாறுவது ஒருத்திக்குச் சந்தோஷமாக இருக்கலாம் என்பது என் மண்டைக்குள் ஏறவேயில்லை. இதையெல்லாம் மகளுக்கு நான் சொன்னதுமில்லை.

கோபம் வேறு, பிள்ளையை ஏற்றி அனுப்புவது வேறு. போகிற நாளுக்கு லீவு எடுத்தேன். கோல்டிங் வரை கூடப்போய் ஹம்பேர்க் ரயிலில் ஏற்றிவிடுவதென்று நானே முடிவுசெய்தேன். விடிய எழும்பி இடியப்பம் அவித்து, சம்பல் இடித்து, முட்டை பொரித்துக் கட்டினேன். கைப்பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். நான் பால் வாங்கப் போனாலும் பாஸ்போர்ட் கொண்டுதான் போவேன். அடையாள அட்டை இல்லாமல் படலையைத் தாண்டினால் வீடு திரும்புவோமோ தெரியாது என்ற காலத்தில் வளர்ந்த கை அது. மகள் அதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணுவாள், பால்கடைக்காரனுக்கு விசா காட்டப் போகிறீர்களா என்று.

அன்று காலை அவள் சப்பாத்தைக் கட்டி முடித்தபிறகும் கதவடியில் நின்றாள். பையை முதுகில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தபடி, அசையாமல் நின்றாள். எதையோ மறந்துவிட்டு யோசிக்கிறாள் என்று நினைத்தேன். சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, வீம்பில் ஒன்றும் கேட்காமல் அவளைத் தாண்டி வெளியே போனேன். கொஞ்சம் பொறுத்து அவளும் வந்தாள்.

இக்காஸ்டில் ஏறி ஹேர்னிங்கில் இறங்கினோம். அங்கிருந்து தெற்கே வய்லே போகிற ரயிலில் ஏறவேண்டும். பாதை திருத்துகிறார்களாம், அந்த ரயில் இல்லை, பதிலுக்கு பஸ் வருமாம். பஸ் எங்கே வரும் என்று நான் அறிவித்தலைத் தேடிக்கொண்டிருக்க, மகள் மற்ற மேடையில் நின்ற ரயிலைப் பார்த்துச் சிரித்தாள். மேற்கே போகிற ரயில். அதில் ஷேர்ன், பிறகு எஸ்பியர், அங்கிருந்து கரையோரமாக ரீப, தொன்னர் என்று இறங்கினால் அந்தப் பக்கத்தாலும் ஜேர்மனிக்குப் போகலாம் என்று சொன்னாள். சொல்லி முடிக்கமுன்னமே நடக்கத் தொடங்கிவிட்டாள். அந்தக் கோதாரி விழுந்த பை போகிற வேகத்தைப் பார்க்கவேண்டும். சாப்பாடு என் கையில். அவள் சாப்பிடாமல் போகப்போகிறாளே என்று நானும் பின்னால் ஓடி ஏறினேன். கதவு மூடியபிறகுதான், என்ன செய்தேன் என்பது எனக்கு விளங்கியது.

ஷேர்ன் வரும்வரை முகத்தை உம்மென்று வைத்திருந்தேன். எஸ்பியரில் ரயில் மாறும்போதும் அப்படித்தான். இத்தனை வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன், ஆனால் நான் போனதெல்லாம் காரில், கலியாண வீட்டுக்கும் சாமத்தியவீட்டுக்கும், கட்டின காஞ்சிபுரச் சேலை கசங்கும் என்று இருக்கையில் சாயாமல் விறைத்தபடி. இந்தப் பக்கம் வந்ததேயில்லை. வெளியே நிலம் தட்டையாகப் போய்க்கொண்டேயிருந்தது. மேடு என்று இருந்தது கடல் வராமல் கட்டின மண் அணை மட்டும்தான், அதிலும் செம்மறிகள். ஒரு குட்டி தாயின் முதுகில் ஏற, தாய் அசையாமல் மேய்ந்தது. நான் சிரித்துவிட்டேன். மகள் பார்த்துவிட்டாள். பிறகு உம்மென்று இருக்க வரவில்லை.

ரீபவில் தூரத்தில் ஒரு பெரிய தேவாலயக் கோபுரம் தெரிந்தது. அதைப் பார்க்கவென்று இறங்கினோம், பசி வந்ததால் கோபுரம் வரை போகவில்லை. ஆற்றங்கரையில் கிடந்த மர வாங்கில் குந்திப் பொதியைப் பிரித்தோம். காற்று இடியப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு கையால் பொதியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டோம். சம்பல் உறைத்து அவளுக்கு மூக்கில் தண்ணீர் ஓடியது. என்ரை பிள்ளை என்று எனக்குள் ஒரு இளகல் வந்தது. அதை மறைக்க, இன்னும் ஒன்று சாப்பிடு என்று அதட்டினேன்.

அப்போதுதான் அவள் டெனிஷில் மெதுவாகச் சொன்னாள், நான் கூட வந்தது தனக்குச் சந்தோஷமென்று. நான்தான் ஒவ்வொரு நாளும் கேட்டேனே என்றும் சொன்னாள்.

"நான் என்னத்தைக் கேட்டனான்?" என்றேன்.

"தூர், மோ?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள், கொஞ்சம் நிறுத்தி, டெனிஷ் சொல்லாகவே. தூர் என்றால் டெனிஷில் பயணம், உலாத்தப் போவது. மோ என்றால் அம்மா. எனக்கு வேலையில்லாத நாட்களில் கூட்டிவரப் போனால், பாலர் பள்ளியில் ஆசிரியைமார் என்னை அப்படித்தான் சொல்லுவார்கள், மோ வந்துவிட்டா, மோவுக்குக் கை காட்டு என்று. அம்மா டெனிஷ் வடிவாகக் கதைக்கமாட்டா, அதனால் குழந்தைகள் மாதிரிக் கேட்கிறா என்று மூன்று வயதில் அவள் நினைத்தாளாம். "பயணமா, அம்மாவும் வரட்டா?" அதற்குத்தான் அவள் பதில் சொன்னாள், இல்லை அம்மா, இண்டைக்கு இல்லை.

நான் வாயில் வைத்த இடியப்பத்தை விழுங்க மறந்துபோய் இருந்தேன்.

வளர்ந்தபிறகும் அவள் அதை நினைத்துப் பார்க்கவில்லையாம். சின்ன வயதில் காதில் ஏறினது அப்படியே நின்றுவிட்டது. தகப்பனோடு காரில் போகும்போது யன்னலில் நான் நிற்பதைப் பார்க்க ஒவ்வொரு நாளும் பாவமாக இருக்குமாம். பள்ளிக்கூடத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போக முடியாதே. பெரியவளானதும் ஒரு நாள் கட்டாயம் கூட்டிப்போவேன் என்று நினைத்துக்கொண்டே கையைக் காட்டுவாளாம். நானோ, வடிவான பதில் சொல்லுகிறாள் பிள்ளை என்று யன்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் அவளுக்குத் தூரம் என்ற சொல்லையும், எங்கை போறாய் என்று ஏன் கேட்கக்கூடாது என்பதையும் விளங்கப்படுத்தினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் மூக்கைத் துடைத்த கடதாசியையே எனக்கும் நீட்டினாள். பிறகு, இன்று காலை நான் ஏன் கேட்கவில்லை என்றாள். தான் கதவடியில் காத்து நின்றதாகவும், இந்தமுறை வேறு பதில் வைத்திருந்ததாகவும் சொன்னாள். என்ன பதில் என்று நான் கேட்டேன். அவள் சொல்லவில்லை, முட்டையைப் பங்குபோட்டாள்.

அடுத்த ரயிலுக்கு நேரமிருந்தது. அந்த வாங்கிலேயே இருந்து அவளுக்கு அந்த வான் வண்டியையும் போர்வையையும் பற்றிச் சொன்னேன். இருமினவரைப் பற்றியும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சம்பல்.

தொன்னர் இந்தப் பக்கத்தின் கடைசி ஸ்டேசன். ரயில் அதிலேயே எல்லையைத் தாண்டிப் போகும். நான் அங்கே இறங்கித் திரும்பிப் போவதென்று பேச்சு. வழியில், மனிசனுக்குப் போன் எடுத்து இரவுக்குத்தான் வருவேன் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. இரண்டு பேரும் கதைக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அப்ப சரி என்று வைத்துவிட்டார்.

தொன்னரில் மகளைக் கட்டிக் கொஞ்சிவிட்டு இறங்கினேன். ரயில் சில நிமிஷம் நிற்கும் என்றார்கள். திறந்திருந்த கதவுக்குப் பக்கத்திலேயே அவளுடைய இருக்கை. நான் எழும்பின இடத்தில் முதுகுப்பையைத் தூக்கி வைத்தாள். நான் கதவுக்கு நேரே மேடையில் நின்றேன். இப்போது கேட்கவேண்டும். பயணம் போகிற பிள்ளையை அந்தக் கேள்வி இல்லாமல் அனுப்பினதேயில்லை. காலையில் வீம்புக்கு விழுங்கினதுக்கும் சேர்த்துக் கேட்கவேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? காலையில் கேட்டிருந்தால் அது வெறும் சகுனக் கேள்வி. இப்போது கேட்டால், நானும் வரட்டா என்று கெஞ்சுவதாகப் போய்விடும். தனியப் போக ஆசைப்பட்ட பிள்ளை, அம்மா பாவம் என்று நினைத்துக்கொண்டு போகும். கேட்காமல் விட்டால் வாழ்த்து இல்லாமல் போகும். இரண்டும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் இருந்தபடியே என்னைப் பார்த்தாள். காலையில் கதவடியில் பார்த்த அதே பார்வை.

"தூரமோ?" என்று கேட்டேன்.

"ஓம், அம்மா" என்றாள்.

தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு, பக்கத்து இருக்கையில் இருந்த முதுகுப்பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நாளைக்கும் எனக்கு வேலையில்லை என்பது ஞாபகம் வந்தது. மாற்றுடுப்பு இல்லையே என்பதும் ஞாபகம் வந்தது. கைப்பையைத் தடவிப் பார்த்தேன், பாஸ்போர்ட் இருந்தது. ஏறிப்போய் யன்னல் பக்கம் எனக்கு வேணும் என்றேன். அவள் எழும்பி இடம் விட்டாள்.